போஸ்டனைக் கேட்டார்கள்... வேலப்பன்சாவடியைக் கேட்டது யார்?

"நீங்க எந்த ஊரு?"

வேலப்பன்சாவடி பஸ் ஸ்டாப்பில் நிற்கும் யாரையாவது கேட்டுப் பாருங்கள். "மதுரவாயல் தாண்டி... பூந்தமல்லிக்கு முன்னாடி..." என்று இழுப்பார். ஊர்ப் பெயர் கடைசியில்தான் வரும். கேட்பவர் வெளியூர்க்காரர் என்றால் அதுவும் கிடையாது. "மெட்ராஸ் சார்!" அவ்வளவுதான், முடிந்தது கதை.

சிரிக்காதீர்கள். இதை ஆராய்ச்சியே பண்ணியிருக்கிறார்கள்!

அமெரிக்காவில் கெவின் லிஞ்ச் என்று ஒரு பேராசிரியர். ஜனங்கள் மனசில் ஊர் எப்படிப் பதிகிறது என்று 1960-ல் புத்தகம் போட்டார். போஸ்டன், ஜெர்சி சிட்டி, லாஸ் ஏஞ்சல்ஸ் ஆகிய மூன்று ஊர்களில் ஆட்களைப் பிடித்து உட்கார வைத்தார். காகிதத்தைக் கொடுத்து, புதுசாக வந்தவனுக்கு வழி சொல்வதுபோல் ஊரை வரையச் சொன்னார். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியை விவரிக்கச் சொன்னார். எதைப் போட்டார்கள், எதை விட்டார்கள் என்று பார்த்தார். பாதை, எல்லை, வட்டாரம், சந்திப்பு, அடையாளச் சின்னம் - இந்த ஐந்தை வைத்துத்தான் மனுஷன் ஊரை மனசில் வைத்திருக்கிறான் என்றார்.

இதில் ஜெர்சி சிட்டிக்காரர்கள் பாடுதான் வேடிக்கை. உங்க ஊரில் சொல்லும்படி என்ன இருக்கு என்றால், ஆற்றுக்கு அக்கரையில் தெரியும் நியூயார்க் கட்டடங்களைக் காட்டினார்களாம்! நம்ம வேலப்பன்சாவடிக்கு அங்கே ஒரு தம்பி.

லிஞ்ச் கேட்டது போஸ்டனில் 30 பேரை, மற்ற இரண்டு ஊரிலும் 15, 15 பேரை. ஆள் குறைவு, அதிலும் உத்தியோகஸ்தர்களே அதிகம் என்று அவரே ஒப்புக்கொண்டார். யோக்கியமான மனுஷர்.

நம்ம சர்க்கார் பெரிசாகவே செய்தது. வாழ வசதியான நகரம் எது என்று 2020-ல் 111 நகரங்களில், 32 லட்சம் பேருக்கு மேல் கருத்துக் கேட்டார்கள். நூறு மார்க்கில் முப்பது ஜனங்கள் சொல்லுக்கு. 2021 மார்ச்சில் முடிவு வந்தது. பெரிய நகரங்களில் பெங்களூர் முதலிடம். சென்னைக்கு நாலாவது இடம்.

சபாஷ்! ஆனால் வேலப்பன்சாவடி இருப்பது திருவேற்காடு நகராட்சியில். அந்த 111-ல் திருவேற்காடு கிடையாது. விடிந்ததும் சென்னைக்கு ஓடி, ராத்திரி கசங்கித் திரும்புகிறவன் அந்தச் சென்னையைப் பற்றி வாய் திறக்க இடமில்லை. என்ன கணக்கோ!

நாமும் ஒழுங்கில்லை. இந்தப் பக்கத்தில் வேலப்பன்சாவடி பெயர் எப்போது வருகிறது? லாரி மோதினால் வரும். சங்கிலி அறுத்தால் வரும். எழுதுகிற கையே சொல்கிறது, அதுவும் ஊருக்கு ஒரு முகத்தை ஒட்டிவிடுகிறது.

சாவடி என்றால் வழிப்போக்கன் தங்கி இளைப்பாறும் இடம். குமணன்சாவடி, கரையான்சாவடி என்று பக்கத்திலேயே எத்தனை சாவடி! இன்றைக்கோ எல்லாரும் தாண்டிப் போகிற இடமாகிவிட்டது.

அடுத்த சர்வேக்குக் கிளம்பும் அதிகாரிகளே! காலை 8 மணிக்கு இங்கே வாங்க. ஒரு கட்டுக் காகிதம், நாலு பென்சில் போதும். பூ விற்கிற அம்மா, மெக்கானிக் பையன், ஆஸ்பத்திரிக்கு வந்து வழி தெரியாமல் நிற்கும் பெரியவர் எல்லாரிடமும் கொடுங்க. இந்த ரோட்டை எந்த இடத்தில் கடக்கிறார்கள் என்று வரையச் சொல்லுங்க. அவர்கள் காட்டும் இடத்தில் கோடு போட்டு, ஒரு சிக்னலும் வையுங்க.