பத்து நிமிஷ விசாரணை

என் அப்பா லாரி டிரைவர். அவர் வாழ்க்கையில் வாங்கிய ஒரே சர்டிபிகேட் ஹெவி லைசென்ஸ்தான். போன வருஷம் அதை மூன்று மாதம் நிறுத்தி வைத்துவிட்டார்கள். காரணம், ஓவர்லோடு.

தப்பே இல்லை என்று வாதாட வரவில்லை. மெக்கானிக்கல் படிக்கிறவன் நான்; பாரம் மீறினால் பிரேக் என்ன பாடுபடும் என்று தெரியும். ஓவர்லோடுக்குக் குறைந்தது மூன்று மாதம் லைசென்ஸை நிறுத்தச் சொல்லி, சுப்ரீம் கோர்ட் அமைத்த சாலைப் பாதுகாப்புக் கமிட்டி 2015-ல் உத்தரவிட்டிருக்கிறது. சரி. ஆனால் ஏற்றச் சொன்ன ஓனரை அந்த விசாரணைக்கு யாரும் கூப்பிடவில்லையே!

1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம், 19-வது பிரிவு என்ன சொல்கிறது? லைசென்ஸில் கை வைக்கும் முன் அவர் தரப்பைக் கேட்க வேண்டும். காரணத்தை எழுதி வைக்க வேண்டும். அப்பாவுக்கு நடந்தது இதுதான்:

"ஓவர்லோடா?"

"ஆமாங்க."

"கையெழுத்துப் போடு."

பத்து நிமிஷம். அதில் பாதி, ஸ்டாம்ப் பேடு தேடியதில் போனதாம்!

ஒரு வக்கீல் மேல் புகார் வந்தால் 1961-ம் வருஷத்து வழக்கறிஞர்கள் சட்டப்படி மூன்று பேர் கொண்ட ஒழுங்கு நடவடிக்கைக் குழு விசாரிக்கிறது. அதற்கு மேல் இந்திய பார் கவுன்சில், அதற்கும் மேல் சுப்ரீம் கோர்ட் வரை போகலாம். போகட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. கறுப்புக் கோட்டும் சோறு போடுகிறது, காக்கிச் சட்டையும் சோறுதான் போடுகிறது.

இதில் என் பங்கும் இருக்கிறது. நோட்டீஸ் வந்த அன்றைக்கு அப்பா ஹாஸ்டலுக்குப் போன் போட்டார். "என்னமோ காயிதம் வந்திருக்குடா, நீ வந்து படிச்சுச் சொல்றியா?" எனக்குப் பரீட்சை. "போய் கையெழுத்துப் போட்டுட்டு வாங்கப்பா, ஒண்ணும் ஆகாது" என்றேன். லீவில் ஊருக்குப் போய்த்தான் உத்தரவைப் படித்தேன். முப்பது நாளுக்குள் அப்பீல் செய்யலாம் என்று அப்புறம்தான் சட்டப் புத்தகத்தில் பார்த்தேன். அன்றைக்கு நாற்பத்தோராவது நாள். அப்பா, தன்னிடம் தொழில் பழகிய பையனின் வண்டியில் கிளீனராகப் போயிருந்தார்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. நோட்டீஸ் புரிகிற தமிழில் இருக்கட்டும். டிரைவர் சொன்னதை எழுதி, வாசித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்கட்டும். அப்பீலுக்கு எத்தனை நாள் என்று வாயால் சொல்லட்டும். நம் யூனியனும் சனிக்கிழமை சாயங்காலம் கேட் பக்கம் ஒரு மேஜை போட்டால், வருகிற காகிதங்களைப் படித்துச் சொல்ல நான் உட்காரத் தயார்.

அப்பா இப்போது மறுபடி வண்டி ஓட்டுகிறார். எடை மேடைச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார். "லோடு யார் ஏத்தச் சொன்னாங்கன்னு பின்னால எழுதிக் குடுடா" என்று என்னிடம் நீட்டுகிறார்.