ஆயில் குடிக்கும் பழைய கார்... இன்ஜினைப் பிரிக்க வேண்டுமா?

“சந்தைக்குக் கத்திரி, வெண்டை கொண்டுபோகும் பழைய பெட்ரோல் காரில் இன்ஜின் ஆயில் அடிக்கடி குறைகிறது. மைலேஜும் 16-லிருந்து 11 ஆகிவிட்டது. மெக்கானிக் ரீ-போர் செய்யச் சொல்கிறார். சம்பா அறுவடைப் பணத்தை இதில் போடலாமா?”

- வாசகர், உத்திரமேரூர், காஞ்சிபுரம் மாவட்டம்.

அவசரப்பட வேண்டாம். ஆயில் ஒழுகுகிறதா, எரிகிறதா என்று முதலில் பாருங்கள். வண்டியை ஓட்டி வந்து நிறுத்தியதும், அடியில் அட்டையை விரித்து இரவு முழுக்க விட்டுவையுங்கள். காலையில் அட்டையில் ஆயில் கறை இருந்தால் ஒழுகல்தான். கேஸ்கெட், ஆயில் சீலைச் சரிசெய்தாலே பெரும்பாலும் போதும்.

கறை இல்லையென்றால் புகையைக் கவனியுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்சநேரம் மட்டும் நீலப்புகை வந்தால், வால்வு சீல் போயிருக்கலாம். மேடு ஏறும்போது தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங்கைச் சந்தேகிக்கலாம். கம்ப்ரஷன் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். அழுத்தம் குறைவாக இருந்தால், பிளக் துளையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். அழுத்தம் ஏறினால் ரிங், போர் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு பக்கம் கோளாறு. ரீ-போர் பேச்சு அதற்குப் பிறகுதான்.

மைலேஜ் குறைய வேறு காரணங்களும் உண்டு. மண்சாலைப் புழுதியில் ஏர் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். பிளக் கரி பிடித்தாலும், டயரில் காற்று குறைந்தாலும் பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும். ஓட்டி நிறுத்தியதும் ஒரு சக்கரம் மட்டும் அதிகமாகச் சுட்டால், அதில் பிரேக் பிடித்தபடியே இருக்கிறது என்று அர்த்தம்.

வாரம் ஒருமுறை சமதளத்தில் வண்டியை நிறுத்தி, இன்ஜின் ஆறிய பிறகு ஆயில் அளவைப் பாருங்கள். கீழ்க்கோட்டுக்குக் கீழே இறங்கவிடாதீர்கள். இந்தச் சோதனைகள் முடியும்வரை அறுவடைப் பணம் பத்திரமாக இருக்கட்டும்.