பழைய வேனை கேம்பர் ஆக்கப் போறீங்களா? அதுக்கு "முதலீடு"ன்னு மட்டும் பேர் வைக்காதீங்க



போன வீடியோல நான் பேசினது ஹெல்த் இன்சூரன்ஸ் பத்தி. எனக்குப் பின்னாடி எங்க பழைய மெட்டடோர் வேன் ஒரு பத்து செகண்ட் தெரிஞ்சிருக்கும். வந்த கேள்வியில பாதிக்கு மேல வேனைப் பத்தித்தான்! "எவ்வளவு ஆச்சு?", "கேம்பர் வேன் நல்ல இன்வெஸ்ட்மென்ட்டா?", "லோன் கிடைக்குமா?"

அதனால இந்தப் பதிவு. என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். பழைய வண்டியைத் தூக்கி நிறுத்தி, குடும்பத்தோட ஊர் சுத்தறது அருமையான செலவு. ஆனா அது செலவுதான். முதலீடுன்னு நினைச்சு இறங்கினா, வண்டியும் போகும், வீட்டுல நிம்மதியும் போகும். எங்க வீட்டுல கொஞ்ச நாள் போச்சு, அதனாலதான் சொல்றேன்.

வேன் கதை

அமெரிக்காவுல காருக்குப் பின்னாடி இழுத்துட்டுப் போற டிரெய்லர் வீடு உண்டு. 1930-கள்ல இருந்து வர்ற ஏர்ஸ்ட்ரீம் மாதிரி பழைய டிரெய்லர்களை வாங்கிப் புதுப்பிக்கறது அங்க பெரிய பொழுதுபோக்கு. நம்ம ஊர்ல அந்த இடத்துல இருக்கறது பழைய வேன்தான். பஜாஜ் டெம்போ கம்பெனியோட மெட்டடோர் (2005-ல இருந்து அந்தக் கம்பெனி பேரு ஃபோர்ஸ் மோட்டார்ஸ்), அப்புறம் டெம்போ டிராவலர்.

எங்கப்பா 1996-ல ஒரு மெட்டடோர் வாங்கினாரு. பெரியப்பா வீடு, எங்க வீடு எல்லாம் சேர்ந்து பதினாலு பேர் அதுலதான் பழனிக்கும் திருமூர்த்தி மலைக்கும் போவோம். அப்பா இறந்ததுக்கு அப்புறம் வண்டி தோப்புல தென்னை மரத்தடியில நின்னுட்டு இருந்துச்சு. மட்டை விழுந்து மேல்தகடு ஒடுங்கி, தரைப்பலகை இத்துப் போச்சு.

தம்பி ஒரு நாள் வந்து, "அண்ணா, இதை ஃபுல் கேம்பரா மாத்திடலாம். டாய்லெட், ஏ.சி., மேல தூக்கற கூரை எல்லாம் வெச்சு. எட்டு லட்சம் ஆகும். பர்சனல் லோன் போட்டுக்கலாம். நாம போகாத நாள்ல வாடகைக்கு விட்டா இ.எம்.ஐ. அதுவே கட்டிக்கும்"னான்.

ஆடிட்டர் வீட்லயே இந்த வசனம்! நான் பேனா எடுத்தேன். 8 லட்சம், 14% வட்டி, 5 வருஷம். இ.எம்.ஐ. சுமார் 18,600. மொத்தமா கட்டறது கிட்டத்தட்ட 11.17 லட்சம். தம்பி சம்பளத்துல வீட்டு வாடகையும் குழந்தை ஸ்கூல் ஃபீஸும் போக, மாசம் மிச்சமே அவ்வளவுதான். "அப்பா வண்டிக்குக்கூட நீ கணக்குதான் பாப்பியா?"ன்னு கேட்டான். ரெண்டு மாசம் சரியாப் பேசிக்கல.

அவன் ஆசை தப்பில்லை. அவன் போட்ட கணக்குதான் தப்பு. எங்கெங்கன்னு பாருங்க.

தப்பு 1: "வாடகைக்கு விட்டுடலாம்"

வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு விட முடியாது. மத்திய அரசோட வாகன வகைப் பட்டியல்ல கேம்பர் வேன் ரெண்டு பக்கமும் இருக்கு. சொந்த உபயோகம்னா தனியார் வாகனம், வாடகைன்னா போக்குவரத்து வாகனம். வாடகைன்னு போயிட்டா பெர்மிட், எஃப்.சி., வரி, இன்சூரன்ஸ் எல்லாமே வேற கணக்கு. சொந்த உபயோக பாலிசியை வெச்சுக்கிட்டு வாடகைக்கு ஓட்டி விபத்தானா, கிளெய்ம் நிராகரிக்கப்பட எல்லா வாய்ப்பும் இருக்கு. மூணாவது நபருக்கு அடிபட்டா அந்த நஷ்ட ஈடு உங்க சொத்து மேல வந்து நிக்கும்.

தப்பு 2: "நம்ம வண்டி, நம்ம இஷ்டம்"

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 படி, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரத்துல இருந்து மாறுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செஞ்சிருக்கு. கலர் மாத்தறது, சின்னச் சின்ன உபகரணம் மாட்டறதெல்லாம் வேற. கூரையை அறுத்து உயர்த்தறது, பாடியையே மாத்தறது எல்லாம் அனுமதி இல்லாமப் பண்ணினா ஆர்.சி.-யே கேள்விக்குறி ஆகும். "எல்லாம் பாத்துக்கலாங்க"ன்னு பட்டறையில சொல்லுவாங்க. ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல போய் நிக்கப் போறது நீங்கதான்.

தப்பு 3: "இது விண்டேஜ், விலை ஏறும்"

சட்டப்படி விண்டேஜ்னா குறைஞ்சது 50 வருஷம் ஆகியிருக்கணும். 2021 விதிப்படி அதுக்குத் தனிப் பதிவு, முதல் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். அப்படிப் பதிவு பண்ணின வண்டியை கண்காட்சி, ராலி மாதிரி விஷயத்துக்குத்தான் ரோட்டுல எடுக்கலாம், அன்றாட உபயோகத்துக்குக் கூடாது. 1996 வேன் விண்டேஜும் இல்லை, சும்மா பழசு. ஒருவேளை விண்டேஜா இருந்தாலும் கேம்பிங் போக உதவாது!

வரியிலயும் ஒரு விஷயம் தெரிஞ்சுக்கோங்க. சொந்த உபயோகத்துக்கு வெச்சிருக்கற வண்டி, வருமான வரிச் சட்டத்துல மூலதனச் சொத்துக் கணக்குல வராது. லாபத்துக்கு வித்தா வரி இல்லை. ஆனா நஷ்டத்துக்கு வித்தா அந்த நஷ்டத்தை எங்கயும் கழிக்கவும் முடியாது. நம்ம வேனுக்குப் பொருந்தப் போறது இந்த ரெண்டாவது பாதிதான். லாபம் வந்தாலும் "சொந்த உபயோகம்"னு வாயில சொன்னா மட்டும் பத்தாது. 1983-ல 20,000 ரூபாய்க்கு வாங்கின 1931 மாடல் ஃபோர்டு காரை ஒருத்தர் பிற்பாடு 21 லட்சத்துக்கு வித்தாரு. அவர் அதை நிஜமாவே சொந்தமா ஓட்டினதுக்கு ஆதாரம் இல்லைன்னு, மும்பை உயர் நீதிமன்றம் 2025-ல வரித் துறை பக்கம்தான் தீர்ப்பு சொல்லுச்சு.

நாங்க என்ன பண்ணினோம்?

கடைசியில அம்மாதான் முடிச்சு வெச்சாங்க. "கடன் வேண்டாம் கண்ணு. ரெண்டு பேரும் கையில இருக்கறத போட்டு, ஓடற மாதிரி மட்டும் பண்ணுங்க. படுக்க ஒரு மெத்தை போதும்." ஆடிட்டர் சொல்லிக் கேக்காதவன் அம்மா சொன்னதும் கேட்டுக்கிட்டான்.

பாடியை அறுக்கலை. உள்ள வெச்சது எல்லாமே தூக்கி வெளிய வெக்கற மாதிரி: பலகைப் பெட்டி ரெண்டு, மேல மெத்தை, தண்ணி கேன், பேட்டரி ஃபேன். சமையல் எப்பவும் வண்டிக்கு வெளியதான்.

பட்டறையில சொன்ன எஸ்டிமேட் 1,80,000. ஆனது இது:

- டிங்கர், வெல்டிங், பெயிண்ட்: 1,15,000
- இன்ஜின், டீசல் பம்ப், பிரேக்: 82,000
- டயர், பேட்டரி: 38,000
- வயரிங்: 14,000
- ஆர்.சி. புதுப்பிப்பு, தாமதக் கட்டணம், வரி, இன்சூரன்ஸ்: 46,000
- மெத்தை, பெட்டி, அடுப்பு, மத்தது: 27,000

மொத்தம் 3,22,000. எஸ்டிமேட்டை விட கிட்டத்தட்ட 80% அதிகம். யாரும் ஏமாத்தலைங்க. பெயிண்டைச் சுரண்டினாத்தான் உள்ள எவ்வளவு துருன்னு தெரியும். பழைய வண்டிக்கு எஸ்டிமேட்னா அது ஆரம்ப விலைன்னு எடுத்துக்கோங்க. உங்க பட்ஜெட் 3 லட்சம்னா, 2 லட்சம் எஸ்டிமேட் வர்ற வேலையை மட்டும் ஆரம்பிங்க.

பேப்பர் செலவு 46,000-னு பார்த்து ஆச்சரியப்பட வேண்டாம். 20 வருஷம் தாண்டின கார், வேனுக்குப் பதிவைப் புதுப்பிக்க 2025 ஆகஸ்ட்ல இருந்து 10,000 ரூபாய். காலாவதி ஆகி நின்னா, 2022 திருத்தப்படி மாசம் 500 ரூபாய் கூடுதல். மூணு வருஷம் சும்மா நின்னா அதுவே 18,000! அதோட, உரிமையாளர் இறந்துட்டா மூணு மாசத்துக்குள்ள படிவம் 31 கொடுத்து வாரிசு பேருக்கு மாத்தணும். நாங்க துக்கத்துல இதை விட்டுட்டோம். ஆர்.சி.-ல நாமினி போடற வசதி 2021-லயே வந்தாச்சு. உங்க வீட்டுப் பெரியவங்க வண்டிக்கு இந்த வாரமே போட்டுடுங்க.

ஒரு ராத்திரிக்கு என்ன விலை?

என் கணக்குல முக்கியமான நம்பர் இதுதான். வண்டியைப் பத்து வருஷம் வெச்சிருந்து, கடைசியில ஒரு லட்சத்துக்கு வித்தோம்னு வெச்சுக்கோங்க.

- மதிப்பு குறையறது: வருஷம் 22,200
- அந்தப் பணம் எஃப்.டி.-ல இருந்தா 7% வட்டி: சுமார் 22,500
- சர்வீஸ், இன்சூரன்ஸ், வரி, டயருக்கு ஒதுக்கறது: 35,000

ஆக வருஷத்துக்கு சுமார் 79,700. டீசல் தனி. வருஷம் 25 ராத்திரி தங்கினா ஒரு ராத்திரிக்கு 3,200 ரூபாய். 8 ராத்திரிதான்னா 10,000! வண்டி அதேதான், நீங்க எத்தனை நாள் கிளம்பறீங்கங்கறதுதான் விலையை முடிவு பண்ணுது.

நாங்க போன வருஷம் தங்கினது 11 ராத்திரி. ஒரு ராத்திரி 7,200 ரூபாய். அந்த விலைக்கு நல்ல ரிசார்ட்டே கிடைக்கும். மறைக்காம சொல்லிட்டேன்.

இடமும் ஒரு பிரச்சினை. நம்ம ஊர்ல இருந்து மூணாறு ரோடு ஒன்பதாறு செக்போஸ்ட் தாண்டினதும் புலிகள் காப்பகம். அங்க வண்டியை ஓரங்கட்டிப் படுக்கறதெல்லாம் நடக்காது, நடக்கவும் கூடாது. யானை நடமாடற இடம். அமராவதி, திருமூர்த்தி அணைப் பக்கமும் கண்ட இடத்துல நிறுத்த முடியாது. கேரளாவுல 2021-ல கேரவன் சுற்றுலாக் கொள்கை கொண்டு வந்து, 2022-ல வாகமண்ல முதல் கேரவன் பார்க் திறந்தாங்க. நாங்க பெரும்பாலும் தங்கினது சொந்தக்காரங்க தோப்புலதான். உங்களுக்கு அப்படி நாலு தோப்பு இருக்கான்னு முதல்ல எண்ணிப் பாருங்க.

என்னோட அறிவுரை

வண்டி வாங்கறதுக்கு முன்னாடி ஆசையைச் சின்னதா சோதிச்சுப் பாருங்க. கேரள அரசு போக்குவரத்துக் கழகம் 2020 நவம்பர்ல மூணாறு டிப்போவுல பழைய பஸ்களைப் படுக்கை போட்டு, ஒரு படுக்கை 100 ரூபாய்னு தங்க விட ஆரம்பிச்சாங்க. இப்போதைய கட்டணத்தைக் கேட்டுட்டு குடும்பத்தோட ஒரு ராத்திரி படுத்துப் பாருங்க. அடுத்து, ஏற்கனவே இருக்கற கார்லயும் ஒரு டென்ட்லயும் ரெண்டு தடவை போங்க. ராத்திரி கொசுக்கடி, காலையில பாத்ரூம் தேடறது, இதெல்லாம் தாண்டியும் பசங்க "மறுபடி போலாம்"னா, அப்ப வேனைப் பத்தி யோசிங்க.

யோசிச்சாலும் இந்த வரிசையில போங்க:

1. ஆறு மாசச் செலவுக்கு அவசர நிதி, டேர்ம் இன்சூரன்ஸ், ஹெல்த் இன்சூரன்ஸ் இருக்கணும்.
2. இந்த ஆசைக்குன்னு தனி ஆர்.டி. போடுங்க. அது முதிரும்போதுதான் பட்டறைக்குப் போகணும். கடன் வேண்டவே வேண்டாம்.
3. ஆர்.சி., இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் சரியா இல்லாத வண்டி சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.
4. முதல்ல பிரேக்கும் டயரும், கடைசியில மெத்தை.

"அப்புறம் எதுக்குங்க ஆடிட்டர், நீங்க 7,200 ரூபாய் குடுத்து தோப்புல படுக்கறீங்க?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி.

முதல் தடவை தளிப் பக்கம் மாமா தோப்புல நிறுத்தினோம். பசங்க மூணு பேரும் பின்னாடி மெத்தையில, நானும் தம்பியும் படுத்த அதே இடத்துல, தூங்கிட்டாங்க. அம்மா முன் சீட்டுல உக்காந்துட்டு, "உங்கப்பா இருந்திருந்தா இன்னேரம் கீழ குனிஞ்சு ஆயில் ஒழுகுதான்னு பாத்துட்டு இருப்பாரு"ன்னாங்க. தம்பி எந்திரிச்சுப் போய் டார்ச் அடிச்சுப் பாத்தான். நிஜமாவே ஒழுகிட்டு இருந்துச்சு! மறுநாள் கேஸ்கெட் மாத்த 1,400 ரூபாய்.

அதையும் எழுதி வெச்சிருக்கேன், செலவுக் கணக்குல. இந்தச் செலவுக்கு எனக்கு வருத்தம் இல்லை, ஏன்னா எதுக்குக் கொடுக்கறோம்னு தெரிஞ்சு, கையில இருந்த பணத்துல கொடுத்தோம். இதே வண்டி 18,600 இ.எம்.ஐ.-ல நின்னிருந்தா அன்னைக்கு ராத்திரி தம்பி தூங்கியிருக்க மாட்டான்.

உங்க வீட்டுத் தோப்புலயும் ஒரு பழைய வண்டி நிக்குதா? வருஷம் எத்தனை ராத்திரி போவீங்கன்னு நேர்மையா ஒரு நம்பர் எழுதி, மேல சொன்ன மாதிரி வகுத்துப் பாருங்க. வர்ற தொகையைச் சந்தோஷமா கொடுக்க முடியும்னா பட்டறைக்குப் போங்க.

அடுத்த வீடியோவுல வேனுக்குள்ள உக்காந்தே பேசறேன்.

(பொதுவான தகவலுக்காக எழுதினது. கட்டணமும் விதியும் மாறும். உங்க வண்டிக்கு என்னன்னு ஆர்.டி.ஓ. ஆபீஸ்லயும் இன்சூரன்ஸ் கம்பெனியிலயும் கேட்டுட்டு முடிவெடுங்க.)