ஏழாம் நாளில் திறக்கும் கதவு



கோலார் தங்கவயலில் வாழும் நமக்கு மாநில எல்லை ஒருநாளும் பெரிதாயிருந்ததில்லை. நம் முன்னோரில் அநேகர் வட ஆற்காட்டுக் கிராமங்களிலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர்கள். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டபின், ஆயிரக்கணக்கானோர் அனுதினமும் ரயிலேறிப் பெங்களூரில் பிழைக்கிறார்கள். பெண் கொடுப்பதும் எடுப்பதுமோ இன்றும் ஆம்பூர், குடியாத்தம், வேலூர் பக்கமே.

2020 மார்ச்சில் அந்த எல்லை மதிலாயிற்று. 22-ஆம் தேதி ரயில்கள் நின்றன. மே இரண்டாம் வாரம்வரை கோலார் மாவட்டத்தில் ஒரு கொரோனா நோயாளியும் பதிவாகவில்லை. ஆகவே வெளியூரிலிருந்து வருகிறவரைக் குறித்த பயம் இன்னும் பெருகிற்று. மே 18-ல் கர்நாடக அரசு தமிழ்நாடு உட்பட நான்கு மாநிலத்தாருக்கு அம்மாத இறுதிவரை வழியடைத்தது. பின்பு வந்தவர்களுக்கு ‘சேவா சிந்து’வில் பதிவு, ஏழு நாள் முகாம், ஏழு நாள் வீட்டுத் தனிமை, கையில் மை முத்திரை, வாசலில் அறிவிப்புத் தாள் என்று விதிகள் வந்தன. அப்பால் தாய் மரித்தால், இப்பாலிருந்த மகன் அலைபேசியில் அடக்கத்தைப் பார்த்து அழுதான்.

தனிமைப்படுத்துவது தவறா? அல்ல. லேவியராகமம் 13-ஆம் அதிகாரத்தைக் கவனியுங்கள். சந்தேகத்துக்குரியவன் ஏழு நாள் அடைத்துவைக்கப்பட்டான். தேவையானால் மேலும் ஏழு நாள். ஆனால் அடைத்துவைத்த ஆசாரியனே குறித்த நாளில் சென்று சோதிக்கவேண்டும். நோயில்லையெனில், அவனே சுத்தமென்று அறிவிக்கவேண்டும். 14-ஆம் அதிகாரத்திலோ, சுகமானவனைக் காண ஆசாரியனே பாளயத்தைவிட்டு வெளியே செல்லுகிறான். அடைக்கிறவனுக்கே திறக்கும் கடமையும் உண்டு.

நாம் தவறியது இங்கேதான். 2020 ஆகஸ்ட் 24-ல் கர்நாடகம் பதிவு, முத்திரை, வாசல் தாள், கட்டாயத் தனிமை யாவற்றையும் நீக்கியது. நோயாளிகளின் வீட்டு வாசலில் உரிய அதிகாரியின் உத்தரவின்றி அறிவிப்பு ஒட்டலாகாதென்று டிசம்பர் 9-ல் உச்ச நீதிமன்றமும் கூறியது. கையிலிருந்த மை மறைந்தது. ஆனால் அண்டை வீட்டார் மனதில் ஒட்டிய தாள் எளிதில் கிழியவில்லை. முகாமிலிருந்து வந்தவருக்குத் தண்ணீர்க் குழாயடியில் இடம் விட மனமில்லாதவர்களும் இருந்தார்கள்.

பிரியமானவர்களே, கொள்ளைநோய் மறுபடியும் வரலாம். அப்போது அரசு சொல்லும் நாட்களை ஒளிவுமறைவின்றி அனுசரியுங்கள். அது பிறனிடத்தில் காட்டும் அன்பே. அதேவேளையில், தனித்திருப்பவர் வீட்டு வாசலில் உணவும் மருந்தும் வைக்க ஒருவரை நியமியுங்கள். தினமும் அழைத்துப் பேசுங்கள். துக்கமுள்ள வீட்டாருக்கு வழி திறந்தபின் நினைவு ஜெபக்கூட்டம் நடத்துங்கள். நாட்கள் முடிந்தவுடன் அவர்கள் வாசலுக்குச் சென்று, தெருவார் காணக் கைகொடுத்து அழைத்து வாருங்கள்.

கதவை அடைக்க ஓர் உத்தரவு போதும். அதைத் திறக்க ஒரு சகோதரன் வேண்டும்.