எதிர்காற்றில் இரண்டு ஆறுகள்

கோபாலபுரம் சோதனைச்சாவடியில் மாநிலம் மாறுகிறது. பேச்சு உடனே மாறுவதில்லை. சித்தூர் வட்டத்தின் கிழக்குச் சிற்றூர்கள் பலவற்றில் தமிழே வீட்டுமொழி. பெயர் மாறுவது ஆற்றுக்குத்தான். மேற்கே பாயும் ஆழியாறு கேரளத்தில் சித்தூர்ப்புழை. மறையூர்ப் பாம்பாறு கிழக்கே இறங்கினால் அமராவதி.

இவ்விரு ஆற்றுவெளிகளையும் மறையூர், உடுமலை, ஆனைமலை, கோபாலபுரம் என நான்கு நாளில் காண மின்மிதிவண்டியே ஏற்றது என்பேன். காரில் செல்வோருக்குப் பெயர்ப்பலகை மட்டுமே எல்லை. மணிக்கு 25 கி.மீ.க்கு உட்பட்ட வேகத்திலோ, தேநீர்க்கடைதோறும் இறங்கி, கொங்குத் தமிழில் மலையாளம் கலக்கும் இடத்தைக் காதாலேயே உணரலாம். மொழியியல் மாணவருக்கு இதைவிட நல்ல விடுமுறை ஏது?

சமவெளியில் மோட்டார் எதற்கு என்பாரும் உளர். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை எதிர்த்து மேற்கே மிதித்தவர் அப்படிக் கேளார்.

இவ்வண்டியின் ஓசையின்மையைக் காட்டிலும் சிறப்பென்று போற்றுவதை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை. சின்னாற்றுச் சாலை யானைகள் கடக்கும் வழி. வளைவில் ஓசையின்றி வரும் வண்டி யானைக்கும் திகைப்பு, மனிதருக்கும் ஆபத்து. மறையூரிலிருந்து காடு முடியும்வரை வண்டியை வேனில் ஏற்றிவிட வேண்டும்.