கர்ப்பிணிகளும் கடை மருந்தும்

நெஞ்செரிச்சல், புளியேப்பம், மலச்சிக்கல் ஆகிய உபாதைகள் கர்ப்பிணி ஸ்திரீகளுக்குப் புதியவையல்ல. வீட்டில் இதைக் கேள்வியுற்ற புருஷர் என்ன செய்கிறார்? தெருமுனை மருந்துக் கடைக்குச் சென்று, "வயிற்றெரிச்சலுக்கு ஏதாவது கொடும்" என்கிறார். யாருக்கு என்று அவர் சொல்வதில்லை, கடைக்காரரும் கேட்பதில்லை. மேடையேறி மாதர் முன்னேற்றத்தைப் பற்றி மணிக்கணக்காய்ப் பேசவல்ல நம் நண்பர்களும் இதற்கு விலக்கல்லர்.

சீட்டின்றி விற்கச் சட்டம் இடங்கொடுத்த மருந்தில் அபாயம் ஏது என்று சிலர் வினவலாம். 1940-ஆம் வருஷத்து மருந்துச் சட்டமும் 1945-ஆம் வருஷத்து விதிகளும், வைத்தியர் சீட்டின்மேல் மட்டும் விற்கத்தக்கவை இன்னவை என்று ஜாபிதா வகுத்திருக்கின்றனவேயன்றி, எஞ்சியவை கர்ப்பிணிக்கு உகந்தவை என்று எங்கும் கூறவில்லை. சிறு கிராமங்களில் லைசென்ஸ் இன்றியே விற்கக்கூடிய வீட்டு மருந்துகளின் வரிசையில் அமிலத்தை அடக்கும் ஆன்டாசிடும் இருக்கிறது, விளக்கெண்ணெயும் இருக்கிறது. பின்னது குடலைக் கலக்குவதோடு கருப்பையையும் சுருங்கச் செய்யக்கூடியது. மேற்கு ஜெர்மனியில் 1957-ஆம் வருஷத்தில் சீட்டின்றியே விற்கப்பட்டது தாலிடோமைட். கர்ப்பிணிகள் அதைக் குமட்டலுக்காகவும் உட்கொண்டனர். 1961 நவம்பரில் அது அங்கே நிறுத்தப்பட்டது. அம்மருந்தால் பல தேசங்களிலுமாகச் சுமார் 10,000 சிசுக்கள் அங்கஹீனமாய்ப் பிறந்தன.

சீட்டு வேண்டிய மருந்தும் நம் அலமாரிகளில் தங்கிவிடுகிறது. வயிற்றுப் புண்ணுக்காக உண்டான மிஸோப்ரொஸ்டால் கருவைச் சிதைக்கும்; மூட்டுவலிக்குத் தரும் டைக்ளோபினாக்குடன் சேர்ந்தும் அது மாத்திரையாக வருகிறது. பாட்டனாருக்கு எழுதிக் கொடுத்ததில் மிஞ்சியதை மருமகளுக்கு எடுத்துக் கொடுப்பது எவ்வளவு விபரீதம்!

ஆகவே எதை வாங்குவது? உணவைச் சிறிது சிறிதாய்ப் பலமுறை உண்டு, உண்டவுடன் படுக்காமலிருந்தும் எரிச்சல் தணியாவிடில், கால்ஷியம் சேர்ந்த ஆன்டாசிடோ, அலுமினியமும் மக்னீஷியமும் கலந்ததோ, அல்ஜினேட் திரவமோ சாதாரண அளவில் தீங்கற்றவையென வைத்தியர்கள் கருதுகின்றனர். நுரை பொங்கும் சோடா உப்புப் பொடிகள் ஆகா. அவற்றிலுள்ள சோடியம் உடம்பில் நீரைத் தேக்கும். சாலிஸிலேட் கலந்த பிஸ்மத் மருந்தும் ஆகாது. மலச்சிக்கலுக்கு இசப்கோல் உமியை நிறையத் தண்ணீருடன் கொடுக்கலாம்.

நல்ல ஆன்டாசிடும் வேளை தவறினால் கெடுதல் செய்யும் என்பதையே நாம் அழுத்திக் கூற விரும்புகிறோம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவிகிதத்தினருக்கு ரத்தசோகை. இதற்காகச் சர்க்கார் 180 நாட்களுக்கு இரும்புச் சத்து மாத்திரை வழங்குகிறது. அம்மாத்திரையோடு ஆன்டாசிடையும் சேர்த்து விழுங்கினால் இரும்பு உடம்பில் சேர்வது குறைந்துவிடுகிறது. இரண்டு மணி நேரமேனும் இடைவெளி வேண்டும். இதை எத்தனை வீடுகளில் சொல்லியிருக்கிறார்கள்?

இருபது வாரங்களுக்குப் பின், வலப்புற விலாவின் கீழ் வலி கண்டாலும், அத்துடன் கடுந்தலைவலி, கண்மங்கல், முகவீக்கம் தோன்றினாலும், அதை "வாயு" என்று எண்ணிக் கடைக்கு ஓடுதல் கூடாது. வலிப்பில் முடியக்கூடிய ரத்த அழுத்த நோயின் குறி அது. அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லவேண்டும்.

மருந்து வாங்கும் புருஷர், இது கர்ப்பிணிக்கு, இத்தனையாம் மாசம், இன்னின்ன மாத்திரை ஏற்கெனவே உட்கொள்கிறாள் என்று பதிவுபெற்ற மருந்தாளுநரிடம் சொல்லிக் கேட்பாராக. கர்ப்பிணிகளைப் பற்றிய எச்சரிக்கையும் இரும்பு மாத்திரைக்கான இடைவெளியும் ஒவ்வொரு ஆன்டாசிட் புட்டியின்மேலும் தமிழில், மூக்குக்கண்ணாடியின்றிப் படிக்கத்தக்க எழுத்தில் அச்சிடப்படவேண்டுமென்று சர்க்காரை வற்புறுத்துகிறோம்.