ஈர்க்குச்சி சொல்லும் கணக்கு

சென்ற ஞாயிற்றுக்கிழமை மணலி புதுநகரில் ஒரு சிநேகிதர் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடம் முழுவதும் கோலமாவினால் சம தூரத்தில் கோடுகள்! கோடுகளின் இடைவெளி எவ்வளவோ அவ்வளவே நீளமுள்ள ஈர்க்குச்சி ஒன்றை அவருடைய மகள் எறிந்து எறிந்து எண்ணிக்கொண்டிருந்தாள். நூறு முறை எறிந்ததில் 58 முறை குச்சி கோட்டின் மேல் விழுந்ததாம்.

“மாமா! 64 வரவேண்டும் என்று புஸ்தகத்தில் இருக்கிறதே! திருத்தி எழுதிவிடட்டுமா?” என்றாள்.

நேயர்களே! அந்த 64 எங்கிருந்து வந்தது? இடைவெளியையே விட்டமாகக் கொண்ட ஒரு வளையலைத் தரையில் எறியுங்கள். எப்படி விழுந்தாலும் அது கோடுகளை இரண்டு இடங்களில் சந்தித்தே தீரும். வளையலின் சுற்றளவோ குச்சியைப் போல் ‘பை’ மடங்கு. அதாவது ஏறக்குறைய 3.1416 மடங்கு. கம்பி வளைந்திருந்தாலும் நிமிர்ந்திருந்தாலும், கோடுகளைச் சந்திக்கும் சராசரி அதன் நீளத்தையே பொறுத்தது. ஆகவே இரண்டைப் பையால் வகுத்தால் வருவதே ஒரு குச்சியின் பங்கு. நூற்றுக்குச் சுமார் 64. பிரான்ஸ் தேசத்துப் புபோன் 1777-ல் வெளியிட்ட கணக்கு இது.

1901-ல் லாஸ்ஸரீனி என்ற இத்தாலியர், இடைவெளியில் ஆறில் ஐந்து பங்கு நீளமுள்ள ஊசியை 3,408 முறை எறிந்ததில் 1,808 முறை கோட்டில் விழுந்ததென்று அறிவித்தார். அதிலிருந்து பையின் மதிப்பு 355/113 என்று, ஆறு தசம ஸ்தானம் வரை பிசகின்றி வந்தது. ஆனால் ஒரே ஒரு முறை அதிகமாக விழுந்திருந்தால் 3.1399 ஆகியிருக்கும்! அத்தனை எறிகளில் முப்பது முன்பின் ஆவது சகஜம். அதனால்தான் கணித நிபுணர்கள் அந்த எண்ணிக்கையைச் சந்தேகிக்கிறார்கள்.

இவ்வூருக்குத் தெற்கே, சென்னைத் துறைமுக ஆபீஸில் 1912-ல் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார் ஸ்ரீநிவாஸ ராமானுஜன். மறு வருஷமே, அதே 355/113-ஐக் கொண்டு வட்டத்துக்கு ஏறக்குறையச் சமமான சதுரம் வரையும் முறையைப் பிரசுரித்தார். வட்டத்தின் பரப்பு 1,40,000 சதுர மைலானால், சதுரத்தின் பக்கம் சுமார் ஓர் அங்குலம் மிகுமென்று அவரே குறித்தார். பிசகை மறைக்கவில்லை, அளந்து சொன்னார்!

“58 என்றே இருக்கட்டும், அம்மா!” என்றேன். குழந்தை அப்படியே எழுதிவிட்டு, மறுபடியும் குச்சியைக் கையில் எடுத்தாள்.

இந்த வாரப் புதிர்: குச்சியைச் சரிபாதியாக ஒடித்து, ஒரு பாதியை மட்டும் நூறு முறை எறிந்தால், எத்தனை முறை கோட்டில் விழும் என்று எதிர்பார்க்கலாம்? விடை அடுத்த வாரம்.